பின்னால் நின்று பாடியவள்

“மருமவனே, எனக்குப் பின்னால இன்னொருத்தி நின்னு பாடுறாடா.”

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் தொங்கல் காம்பிராவில் உட்கார்ந்தபடி இப்படிச் சொல்லிவிட்டு, அந்த அம்மா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். கொழுந்து மலையில் பாடிப் பாடியே பழகிய தொண்டை. தாலாட்டோ ஒப்பாரியோ அவருக்கு எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை. அன்று மட்டும் இரண்டாவது அடியிலேயே இழுவை. மூன்றாவது அடியில் நடை தளர்ந்து பாட்டு நின்றே போனது. மருமகன் மடிக்கணினியில் பஃபரை 512இலிருந்து 256க்கு இறக்கினான். “இப்ப கிட்ட வந்துட்டா,” என்றார். 128க்கு இறக்கினான். “இப்ப குழாய்க்குள்ள வாய வச்சுப் பாடுற மாதிரி இருக்கு.” 64க்கு இறக்கியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவுதான் ‘டிக் டிக்’கென்று அங்கங்கே முறிந்தது.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, மடுல்சீமை என்று ஊவாவின் பல இடங்களில் இளைஞர்கள் ஒரு மைக், ஒரு மடிக்கணினி, சுவரில் தொங்கும் ஒரு பழைய கம்பளி என்ற அளவில் ஒலிப்பதிவு செய்கிறார்கள். கோயில் திருவிழாப் பாட்டு, சேர்ச் கீதம், ரப், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இந்தக் காம்பிராக்களில்தான் பிறக்கின்றன. யாரிடம் போய் “லேட்டன்சி அடிக்குது” என்று சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றே: பஃபரைக் குறை. அந்தப் பதில் பாதிதான் சரி, அதுவும் நமக்கு அவ்வளவாக உதவாத பாதி என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

லேட்டன்சி என்கிற தாமதம் மலைநாட்டாருக்குப் புதிய சங்கதியில்லை. பெரட்டுத் தப்பை எதிர்மலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: குச்சி தோலில் விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். நம் குளிரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு முழத்துக்கும் குறைவு, 34 சென்ரிமீற்றர். காமன் கூத்தில் தப்புக்காரர்கள் நான்கு மீற்றர் அகல வட்டமாக நின்று அடித்தால், எதிரில் நிற்பவரின் அடி 12 மில்லிசெக்கன் பிந்தித்தான் காதுக்கு எட்டும். அதற்காக எந்தத் தப்புக்காரரும் தாளம் விட்டதாக நான் கண்டதில்லை. ஆகவே ‘பத்து மில்லிசெக்கனைத் தாண்டினால் வாசிக்கவே முடியாது’ என்று ஸ்டூடியோப் பையன்கள் வேதவாக்காகச் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. அடுத்தவரின் ஒலி பிந்தி வந்தால் மனிதன் சமாளித்துக்கொள்கிறான்.

சொந்தக் குரல் பிந்தி வந்தால் கதை வேறு. பாடுகிறவருக்குத் தன் குரல் தாடை எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது. அதே குரல் ஹெட்செட் வழியாகச் சற்றுப் பிந்தி வரும்போது காதுக்குள் இரண்டு பிரதிகள் மோதிக்கொள்கின்றன. பிந்தல் 3 மில்லிசெக்கன் என்றால், இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இருக்கும்போது 167 ஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ், 833 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குரலில் பள்ளம் விழும். சீப்பின் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மாதிரி. ‘குழாய்க்குள்ள வாய வச்ச மாதிரி’ என்று அந்த அம்மா சொன்னது அச்சொட்டாக இதைத்தான். பிந்தல் கூடக் கூட அது குழாய்க் குரலாக இல்லாமல் தனி எதிரொலியாகப் பிரிந்து நிற்கும். இன்னும் கூடினால் நாக்கே குழறும். 1950இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் இதைப் பற்றி எழுதினார்: தன் பேச்சே ஐந்தில் ஒரு செக்கன் அளவு பிந்திக் கேட்டால், நன்றாகப் பேசுகிறவரும் திக்குகிறார், இழுக்கிறார். புளூடூத் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு பாட்டுப் பதிய உட்காருகிற தம்பிமார் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். சாதாரண புளூடூத்தில் நூறு இருநூறு மில்லிசெக்கன் போவது வெகு சகஜம். அதற்கு மருந்து இல்லை. வயருள்ள ஹெட்செட் ஒன்று வாங்குவதுதான் வழி. இதற்குமேல் புளூடூத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி பஃபர். பறித்த கொழுந்தை ஒவ்வோர் இலையாக யாரும் பக்டரிக்கு அனுப்புவதில்லை. மடுவத்தில் நிறுத்து, சாக்கு நிறைந்த பிறகு லொறியில் ஏறும். கணினியும் ஒலியை அப்படித்தான் வாங்குகிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் வந்துகொண்டிருக்கும். 512 சேர்ந்த பிறகுதான் ஒரு சாக்காகக் கட்டி உள்ளே தூக்கும். அந்தச் சாக்கு நிறைய 11.6 மில்லிசெக்கன். உள்ளே போக ஒரு சாக்கு, வெளியே வர இன்னொரு சாக்கு என்றால் போய்வர 23.2. சாக்கைச் சின்னதாக்கி 128 என்று வைத்தால் போய்வர 5.8. ஆனால் சாக்குச் சின்னதானால் லொறி அடிக்கடி ஓட வேண்டும். ஒரு தடவை லொறி பிந்தினாலும் பக்டரியில் மெஷின் சும்மா சுற்றும். அந்தச் சும்மா சுற்றல்தான் பதிவில் கேட்கும் ‘டிக்’.

இது பெட்டியில் காட்டும் கணக்கு. உண்மையான பிந்தல் இதைவிட எப்போதும் கூடுதல். ஒலியை எண்ணாகவும் எண்ணைத் திரும்ப ஒலியாகவும் மாற்றுகிற சில்லுகள் தங்களுக்கென்று ஒரு பங்கு எடுக்கின்றன, யூஎஸ்பி ஒரு பங்கு எடுக்கிறது, டிரைவர் எழுதியவர் பாதுகாப்புக்காக வெளியே சொல்லாமல் ஒளித்து வைத்த சாக்கு ஒன்றும் இருக்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டிகள் இரண்டு, ஒரே 128 பஃபரில் வேறு வேறு பிந்தல் காட்டுவது இதனால்தான். ஆகவே அளக்காமல் லேட்டன்சி பற்றிப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. அளப்பதும் பெரிய வித்தையில்லை. இன்டர்ஃபேஸின் வெளி வழியிலிருந்து உள் வழிக்கு ஒரு வயரைப் போட்டு, ஒரு ட்ராக்கில் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தை ஓடவிட்டு, அதையே இன்னொரு ட்ராக்கில் பதிய வேண்டும். பிறகு இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால், மேலே ஒரு முள், கீழே அதே முள் சற்று வலப்பக்கம் தள்ளி. நடுவிலுள்ள மாதிரிகளை எண்ணி 44,100ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். 741 மாதிரி தள்ளியிருந்தால் 16.8 மில்லிசெக்கன். மென்பொருள் தானாக ஈடுசெய்யும் வேலையை அணைத்துவிட்டு அளந்தால் முழுப் பிந்தலும் தெரியும்; அது இயங்கும்போது அளந்தால் ஈட்டுக்குப் பிறகு மிஞ்சிய பிழை தெரியும். வயரைப் போடும்போது உள்ளே வரும் ஒலியை இன்டர்ஃபேஸே நேராக வெளியே விடுகிற நேரடிக் கேட்பை அணைக்க மறந்தால் ஊளைச் சத்தம் காதைக் கிழிக்கும். எனக்கு ஒரு தடவை போதுமாயிருந்தது.

இந்த அளவையை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு ஓர் உண்மை பிடிபடும். நாம் லேட்டன்சி என்று ஒரே பெயரில் திட்டுவது இரண்டு வேறு குற்றவாளிகளை. ஒன்று, பாடும்போது காதில் பிந்திக் கேட்பது. மற்றது, பதிந்த ட்ராக் பின்னணி இசைக்குப் பிந்தி உட்காருவது. இரண்டாவதைப் பெரும்பாலான மென்பொருள்கள் தாமே சரிசெய்து ட்ராக்கை முன்னுக்கு இழுத்து வைக்கின்றன. டிரைவர் சொல்லும் கணக்குப் பொய்யாக இருந்தால்தான் சிக்கல். அப்போதும் அளந்தெடுத்த எண்ணை அமைப்பில் ஒருமுறை இட்டால் தீர்ந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியின் பழைய பதிப்புகளில் இந்த ஈடு -130 மில்லிசெக்கன் என்று முன்கூட்டியே இட்டிருக்கும். அது பொத்தாம்பொதுவான ஊகம். உங்கள் இயந்திரத்துக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம். ‘ஆடாசிட்டியில பதிஞ்சா தாளம் சேரவே சேராது’ என்று எத்தனை பேர் அதைக் கைவிட்டிருப்பார்கள்! ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும்.

இங்கேதான் ‘பஃபரைக் குறை’ என்ற அறிவுரையின் ஓட்டை தெரிகிறது. காதில் கேட்கும் பிந்தல் கோப்பில் ஏறுவதில்லை. பாடி முடித்ததும் மறைந்துவிடும். பஃபரைக் குறைத்ததால் வந்த ‘டிக்’ கோப்பில் ஏறிவிடுகிறது, அதைப் பிறகு எவராலும் ஒழுங்காகத் துடைத்தெடுக்க முடியாது. போகப்போகிற நோய்க்குப் போகாத நோயை விலையாகக் கொடுக்கிறோம். நகரத்து ஸ்டூடியோவில் இன்னொரு டேக் எடுத்தால் தீர்ந்தது. நம் தோட்டங்களில் பாட்டுத் தெரிந்த கிழவிகளுக்கு இன்னொரு டேக் எடுக்கும் நாள் வாய்க்குமா என்பது நிச்சயமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துச் சொற்களைக் காப்பாற்றினார். மெட்டும் இழுவையும் காகிதத்தில் ஏறுவதில்லை. அதற்காகத்தானே மைக்கை எடுத்துக்கொண்டு போகிறோம்? அதில் ‘டிக்’ விழவைப்பது பெரிய குற்றம்.

இந்த நோய்க்குக் கணினி வருவதற்கு முன்பே ஒரு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நாடாப் பதிவுக் கருவியில் பதியும் தலை முன்னால், கேட்கும் தலை பின்னால். முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது குரலைப் பதியப் போனால், நாடா ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு நகர எடுக்கும் நேரம் அப்படியே பிந்தலாக விழும். தலைகளுக்கு இடையே இரண்டு அங்குலம், நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்தால் 133 மில்லிசெக்கன். இன்றைய மட்டமான மடிக்கணினியைவிட மோசம். அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனத்தார் 1950களில் இதற்குக் கண்ட வழி ‘செல்-சிங்க்’. தலைகளை நெருக்கிவைக்க அவர்கள் மினக்கெடவில்லை. பதியும் தலையையே அந்த நேரத்துக்குக் கேட்கும் தலையாகவும் பாவித்தார்கள். 1957இல் கிற்றார்க் கலைஞர் லெஸ் போலுக்குக் கொடுத்த எட்டு ட்ராக் கருவியில் இது இருந்தது. எங்கிருந்து கேட்பது என்பதை மாற்றியதும் பிந்தல் காணாமல் போயிற்று. எழுபது வருடத்துக்கு முந்திய அந்தப் புத்தி, பஃபரை 64க்கும் 32க்கும் இறக்கிக்கொண்டிருக்கும் நம்மிடம் ஏன் இல்லை?

பஃபர் கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. முதலில் ஏசியோ. ஜேர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த இந்த முறை, விண்டோஸின் ஒலிக் கலவையறையைச் சுற்றிக்கொண்டு நேரே இன்டர்ஃபேஸுடன் பேசுகிறது. இன்டர்ஃபேஸ் செய்தவர்களே எழுதிய ஏசியோ டிரைவர் இருந்தால், கேள்வியே இல்லை, அதைத்தான் பாவிக்க வேண்டும். நம் பையன்கள் பாவிப்பதோ பெரும்பாலும் ‘ஏசியோ ஃபோர் ஆல்’. இது டிரைவர் மாதிரித் தோன்றும் ஒரு சட்டை. உள்ளே இருப்பது விண்டோஸின் சொந்த டிரைவர்தான். மடிக்கணினியின் உள் சவுண்ட் காட்டுக்கு இல்லாத வேகத்தை இது கொடுக்காது. நடுவில் நிற்கும் கலவையறையை மட்டும் விலக்கும். அந்த அளவுக்குப் பிரயோசனம் உண்டு. ஆனால் 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து ‘வசாப்பி’ என்ற விண்டோஸின் சொந்த வழியும், தனியுரிமைப் பாங்கில் வைத்தால், ஏறக்குறைய இதையே செய்கிறது. இன்டர்ஃபேஸ் வாங்கக் காசு சேரும்வரை ஊன்றுகோல் என்றால் சரி. அதையே கால் என்று நம்பிக்கொண்டு, யூடியூப்பில் ஓடும் மைனஸ் ட்ராக் ஏன் கேட்கவில்லை என்று இரவெல்லாம் தேடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். சட்டை ஒலி வழியைத் தனக்கே எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் கேட்காது.

இரண்டாவது, கணினியைத் துடைத்துத் தயார்செய்வது. வைஃபையை அணை, வைரஸ் தேடலை நிறுத்து, மின்சேமிப்பை முழு வேகத்தில் வை, யூஎஸ்பி தானாகத் தூங்குவதைத் தடு. இவை எல்லாம் நல்ல அறிவுரைகள், செலவுமில்லை. ‘லேட்டன்சிமொன்’ என்ற இலவச மென்பொருளை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். பல தடவை வைஃபை டிரைவர்தான் மாட்டும். ஆனால் நம் லயங்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சார்ஜரைச் செருகினால் எர்த் சரியில்லாத வயரிங்கில் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் பதிவில் ஏறுகிறது. கழற்றி பெட்டரியில் ஓடவிட்டால் இரைச்சல் போய்விடும், ஆனால் மடிக்கணினி மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வேகத்தைக் குறைக்கும், சின்ன பஃபர் முறியத் தொடங்கும். இரண்டையும் சேர்த்து வெல்ல வழி, பெட்டரியில் ஓடவிட்டு பஃபரைப் பெரிதாக வைப்பதுதான். அதாவது இந்த மண்ணின் மின்சாரமே சின்ன பஃபருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

மாதிரி வேகத்தை 96,000க்கு ஏற்றினால் பிந்தல் பாதியாகும் என்பது மூன்றாவது வாதம். கணக்குச் சரி: 128 மாதிரி 2.9 மில்லிசெக்கனிலிருந்து 1.3க்கு இறங்கும். கணினிக்கு வேலை இரண்டு மடங்காகும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பழைய மெஷினில் இது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டரும் கனமான ஈக்யூவும் போட்டபடியே பாட்டுப் பதிகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். முன்னோக்கிப் பார்த்து வேலைசெய்யும் அந்தச் செருகுநிரல்கள் தாமே பிந்தலைக் கூட்டும். அவற்றைப் பதிவு முடியும்வரை அணைத்துவைக்காமல் பஃபரைக் குறைப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது.

லினக்ஸுக்குப் போ என்பார்கள் சிலர். 2024 நவம்பரில் வந்த 6.12 கேர்னலிலிருந்து நிகழ்நேர வேலைக்கான திருத்தங்கள் மூலத்திலேயே சேர்ந்துவிட்டன, பழைய மெஷினிலும் ஆச்சரியமாக ஓடும். எனக்கு அதில் ஆசை உண்டு. ஆனால் பையன்கள் பழகிய செருகுநிரல்களில் பாதி அங்கே வராது. இரவு எட்டு மணிக்கு ஏதாவது முறிந்தால் கேட்பதற்கு லுணுகலையில் ஆள் வேண்டும். இப்போதைக்கு இது பொழுதுபோக்கு. விலை கூடிய இன்டர்ஃபேஸ் என்பது அடுத்த வாதம்: தண்டர்போல்ட் வழியில் போய்வர மூன்று நான்கு மில்லிசெக்கனில் முடிக்கிற பெட்டிகள் இருக்கின்றன, உண்மை. அவற்றுக்கு ஈடுகொடுக்கிற கணினியும் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதமாகும்போது 360ஐத் தொட்ட நாட்டில், கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இரண்டாம் கை மடிக்கணினி தேடுகிற பையனிடம் இதைச் சொல்வது அறிவுரையில் சேர்த்தியில்லை.

எதிர்த்தரப்பில் நிற்பது ஒரு சின்னப் பொத்தான். இரண்டு வழி கொண்ட மலிவான யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களில்கூடப் பலவற்றில் நேரடிக் கேட்பு என்ற பொத்தானோ திருகியோ இருக்கும். மைக்கில் விழும் குரலை அது கணினிக்கு அனுப்புவதோடு, அங்கேயே கிளைபிரித்து ஹெட்செட்டுக்கும் விடுகிறது. குரல் கணினிக்குள் போய்வரும் பயணமே இல்லை. பெட்டியில் ‘ஸீரோ லேட்டன்சி’ என்று அச்சிட்டிருப்பதை வியாபாரப் பேச்சு என்று நினைத்திருந்தேன். மின்சுற்றிலேயே கிளைபிரிக்கிற பெட்டிகளுக்கு அது மெய்தான். பிறகு பஃபர் 64ஆக இருந்தாலென்ன, 1024ஆக இருந்தாலென்ன?

பசறைக் காம்பிராவில் அன்று நடந்தது என்ன என்பதும் இதில் இருக்கிறது. அந்த இன்டர்ஃபேஸில் நேரடிக் கேட்பு முதலிலிருந்தே போட்டபடிதான் இருந்தது. மருமகன் மென்பொருளிலும் ட்ராக்கின் கேட்புப் பொத்தானை அழுத்தியிருந்தான். ஆகவே ஹெட்செட்டில் அத்தையின் குரல் ஒருமுறை உடனேயும், மறுமுறை கணினி சுற்றி வந்தும் கேட்டது. பின்னால் நின்று பாடிய இன்னொருத்தி அவள்தான். பஃபரைக் குறைக்கக் குறைக்க அவள் கிட்ட வந்தாளே தவிரப் போகவில்லை; கடைசியில் அத்தையோடு ஒட்டி நின்று குரலையே கெடுத்தாள். திரையிலிருந்த பொத்தானை அணைத்து, பஃபரை 1024க்கு ஏற்றினோம்.

“இப்ப இருக்காளா அத்த?”

“போயிட்டாடா.” பாதி மூச்சில் சொல்லிவிட்டு அவர் பாடத் தொடங்கிவிட்டார். பதிவின் தொடக்கத்தில் அந்த ‘போயிட்டாடா’ இப்போதும் இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.

நேரடிக் கேட்புக்கும் குறைகள் உண்டு, மறைத்துப் பேசக் கூடாது. ஸ்டீரியோவாக விடுகிற பெட்டிகளில் ஒரு மைக் ஒரு காதில் மட்டும் கேட்கும். மோனோப் பொத்தான் இல்லையென்றால் பாடகர் எரிச்சல்படுவார். அதைவிடப் பெரிய குறை, குரல் மொட்டையாகக் கேட்பது. சேர்ச்சிலும் கரோக்கியிலும் எக்கோவோடு பாடிப் பழகியவர்கள், வெறும் குரலைக் கேட்டதும் “என் குரல் இவ்வளவு மோசமா?” என்று சுருதியை விட்டுவிடுகிறார்கள். இதற்காகவே பலர் மென்பொருள் வழிக் கேட்புக்குத் திரும்பி பஃபர்ச் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். சண்டை வேண்டியதில்லை. ட்ராக்கில் ஒரு ரிவேர்பைப் போட்டு, அதில் மூலக் குரலை முழுதும் அணைத்து, எதிரொலியை மட்டும் ஹெட்செட்டுக்கு வரவிடுங்கள். குரல் நேரடி வழியில் உடனே கேட்கும், எதிரொலி கணினி வழியில் ஐம்பது மில்லிசெக்கன் பிந்தி வரும். எதிரொலி என்றால் பிந்தித்தானே வரும்! தூர நிற்கும் சுவரிலிருந்து திரும்புகிற மாதிரிக் காதுக்கு இயல்பாக இருக்கும். கோப்பில் பதிவது மொட்டைக் குரல் மட்டும். இந்தத் தந்திரத்தை அறிந்த பிறகு, பாட்டுப் பதிவுக்குச் சின்ன பஃபர் வேண்டும் என்று வாதாட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்டர்ஃபேஸும் இல்லையென்றால் தோட்டத்துச் சவுண்ட் செட் கடையில் மிக்ஸர் இருக்கும். மைக்கை மிக்ஸரில் போட்டு, ஹெட்செட்டை மிக்ஸரிலேயே செருகிக் கேட்டுக்கொண்டு, ஒரு வழியை மடிக்கணினிக்கு அனுப்பலாம். யூஎஸ்பி உள்ள மிக்ஸர் என்றால் விசேஷம். இல்லாவிட்டால் கவனம் தேவை: இன்றைய மடிக்கணினிகளில் உள்ள ஒற்றைத் துளையின் உள் வழி மைக்குக்கானது, மிக்ஸரின் பலமான வரத்தைத் தாங்காமல் குரலைக் கிழித்துவிடும்.

பஃபர் கட்சி உண்மையில் வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது: ஒலி கணினிக்குள்ளேயே பிறக்கும்போது. கீபோட்டில் விரல் வைத்தால் மென்பொருள் வயலின் ஒலிக்க வேண்டும் என்றால், நேரடியாகக் கேட்பதற்கு வெளியே ஒலியே கிடையாது. கிற்றார் அம்ப் மென்பொருளில் வாசிப்பவருக்கும், சுருதி திருத்தும் விளைவோடு கேட்டுக்கொண்டே பாடுகிற ரப் பையனுக்கும் இதே நிலைதான். இங்கே சின்ன பஃபர் வேண்டும், மறுக்கவில்லை. எவ்வளவு சின்னது என்பதில்தான் மிகைப்படுத்துகிறார்கள். கீபோட்காரருக்குக் கணக்கில் வருவது வெளியே வரும் வழியின் சாக்கு ஒன்றுதான், உள்ளே போகும் ஒலி எதுவும் இல்லை. 256 என்றால் 5.8 மில்லிசெக்கன். டிரைவரின் ஒளிவுமறைவையும் கீபோட் செய்தி வந்துசேரும் நேரத்தையும் சேர்த்துப் பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கருக்கு மூன்றரை மீற்றர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். திருவிழா மேடையில் எந்தக் கீபோட்காரர் அதைவிடக் கிட்ட உட்காருகிறார்? போதாக்குறைக்கு, கோயில்களிலும் சேர்ச்சுகளிலும் இருக்கிற கீபோட்டும் ஒக்டபேடும் தம் ஒலியைத் தாமே எழுப்புபவை. அவற்றின் ஒலியையே நேரே பதிந்தால் இந்தக் கணக்கும் தேவையில்லை. ஆகவே கணினிக்குள் பிறக்கும் ஒலிக்கு 256, தட்டுக் கருவிபோலக் கூர்மையாக வாசிப்பவருக்கு 128, மற்ற எல்லாவற்றுக்கும் 1024ம் நேரடிக் கேட்பும். 64 என்ற எண்ணை இந்த மாகாணத்தின் மடிக்கணினிகளில் நான் எதற்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

தப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சினிமாப் பாட்டுப் பாணியில் முதலில் ஒரு தப்பு, பிறகு அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது, பிறகு உறுமி என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிப் பதிகிற வழக்கம் நம்மிடமும் வந்துவிட்டது. அதில் வரும் லேட்டன்சித் தொல்லையை நான் லேட்டன்சித் தொல்லை என்றே ஏற்கமாட்டேன். ஆட்டக்காரரின் காலைப் பார்த்துத் தப்பு வேகம் பிடிக்கிறது, தப்பைக் கேட்டு ஆட்டக்காரர் சுழல்கிறார். அவர்களைப் பிரித்து ஹெட்செட்டில் அடைத்துவிட்டு, தாளம் ஒட்டவில்லை என்று கணினியைத் திட்டி என்ன பயன்? சேர்ந்து நின்று அடிப்பவர்களுக்கு ஹெட்செட்டே வேண்டாம். ஹெட்செட் இல்லாத இடத்தில் கேட்புப் பிந்தல் என்ற பேச்சும் கிடையாது. பல மைக் வைத்தால் மட்டும் தூரக் கணக்குப் பார்க்க வேண்டும். உறுமிக்கு ஒரு மீற்றரில் ஒன்று, அதே உறுமிக்கு நான்கு மீற்றரில் இன்னொன்று என்று வைத்துக் கலந்தால், ஒன்பது மில்லிசெக்கன் பிந்திய அந்த இன்னொருத்தி இங்கேயும் வந்துவிடுவாள்.

வருகிற மாசியில் காமன் கூத்தைப் பதிவதாக ஏற்பாடு. மருமகனுக்கும் எனக்கும் இப்போது பஃபரில் தகராறு இல்லை. இரண்டே இரண்டு மைக்கை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறேன் நான். உறுமிக்குத் தனியாக ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறான் அவன். பந்தலில் நடுக்கம்பத்துக்கும் உறுமிக்காரர் நிற்கும் இடத்துக்கும் எத்தனை அடி என்று அளந்துகொண்டு வரப் போயிருக்கிறான்.